பட்டாணிக் கொடியும் தீக்குச்சிகளும்

நுழையும்முன்

நடிகர் இல்லை, உரையாடல் இல்லை, ஒப்பனையும் இல்லை. தொட்டியில் ஊன்றிய பட்டாணி விதை ஒரு படத்தின் கதைத்தலைவன் ஆயிற்று. பெட்டிக்குள் கிடந்த தீக்குச்சிகள் மற்றொரு படத்தின் கதைமாந்தர் ஆயின. இவ்விரு குறும்படங்களையும் எடுத்தவர், இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்தைத் தந்தவராகப் போற்றப்படும் தாதாசாகேப் பால்கே. அவருடைய பெரிய படங்களைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அவருடைய வாழ்வை அவர் எடுத்த மிகச் சிறிய படங்களின் வழியே காண முயல்கிறது இப்பாடம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டு வட்டத்தில் உள்ளது பொதட்டூர்பேட்டை. நெசவே அவ்வூருக்குப் பெயர் தந்த தொழில். தறியில் நாடா ஒருமுறை ஓடினால் பாவின் குறுக்கே ஊடைநூல் ஓர் இழை சேர்கிறது. அந்த ஓர் இழையை மட்டும் பார்ப்பவருக்குக் கரையும் தெரியாது, முந்தானையும் தெரியாது. ஆயினும், முழுச்சேலை எவ்வாறு அமையும் என்பது நெய்பவரின் மனத்தில் முன்னரே உருவாகிவிடுகிறது.

அனிமேஷன் என்று நாம் வழங்கும் அசைவூட்டப் படமும் இவ்வாறே உருவாகிறது. அசையாத பொருள் ஒன்றை ஒருமுறை படம்பிடிக்க வேண்டும். அதனைச் சிறிதளவு நகர்த்தி மறுமுறை படம்பிடிக்க வேண்டும். ஊமைப்படக் காலத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டகங்கள் திரையில் ஓடின. அக்கணக்கின்படி ஒரு நிமிடப் படத்திற்கு 960 சட்டகங்கள் தேவை. அத்தனை முறை நகர்த்தும் கைக்கு, அப்பொருள் எங்கிருந்து எங்கே செல்கிறது, எதற்காகச் செல்கிறது என்பது தெரிந்திருத்தல் வேண்டும். பாதி வழியில் கதையை மாற்ற எண்ணினால், அதுவரை செய்த நாள்கணக்கான உழைப்பு வீணாகும். இந்திய மண்ணில் இவ்வுண்மையைத் தம் கையால் செய்து அறிந்த முன்னோடி துண்டிராஜ் கோவிந்த் பால்கே.

ஓவியரும் மாயவித்தைக்காரரும்

பால்கே 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று நாசிக்கிற்கு அருகிலுள்ள திரியம்பகம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் வடமொழிப் புலவர். குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தபின், 1885இல் ஜே.ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்தார். பின்னர்ப் பரோடாவிலுள்ள கலாபவனத்தில் ஓவியம், உருவார்ப்பு, ஒளிப்படக்கலை ஆகியவற்றைப் பயின்றார். ஒரு துறையில் தேர்ச்சி பெற்றதும் அடுத்ததை நாடும் இயல்பு அவருக்கு இளமையிலேயே இருந்தது. உற்றார் இதனை நிலையற்ற மனம் என்று கருதியிருக்கலாம். பின்னாளில் திரைப்படம் என்னும் புதுக்கலை அவர்முன் வந்து நின்றபோது, அது கேட்ட கைத்திறன்கள் ஏறத்தாழ அனைத்தும் அவரிடம் ஆயத்தமாக இருந்தன.

கோத்ரா நகரில் ஒளிப்பட நிலையம் நடத்தியபோது கொள்ளைநோய் பரவியது. அந்நோய்க்கு அவருடைய முதல் மனைவியும் குழந்தையும் பலியாயினர். அவ்வூரைவிட்டு நீங்கியவர் பல தொழில்களைச் செய்தார். அவற்றுள் ஒன்று மாயவித்தை. தம் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப்போட்டுப் பேராசிரியர் கேல்பா என்னும் பெயரில் மேடையேறினார். பால்கேயின் வரலாற்றை எழுதுவோர் பலர் இதனை ஒரு வேடிக்கைச் செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். உண்மையில் அசைவூட்டக் கலைக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி கிடைப்பது அரிது. மாயவித்தைக்காரர் ஒரு கணத்திற்கும் மறுகணத்திற்கும் இடையே தம் கையை மறைக்கிறார். அசைவூட்டுபவர் ஒரு சட்டகத்திற்கும் மறுசட்டகத்திற்கும் இடையே தம் கையை மறைக்கிறார்.

1902இல் அவர் மறுமணம் செய்துகொண்டார். சரசுவதிபாய் என்று பின்னர் அறியப்பட்ட அம்மையார், கணவரின் முயற்சிகள் அனைத்திற்கும் உடன்நின்றார். இந்தியத் தொல்லியல் துறையில் சில ஆண்டுகள் பணியாற்றிய பால்கே, அதனைத் துறந்து அச்சுத்தொழிலில் இறங்கினார். இரவிவர்மாவின் ஓவியங்களை அச்சிடும் பணியிலும் ஈடுபட்டார். 1909இல் ஜெர்மனி சென்று வண்ண அச்சு இயந்திரங்களை வாங்கிவந்தார். எனினும், பங்குதாரர்களோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் அத்தொழிலிலிருந்தும் விலகினார். நாற்பது வயதைக் கடந்த நிலையில், கையில் வருவாய் இல்லாத குடும்பத்தலைவராக நின்றார்.

ஒளி தந்ததும் பறித்ததும்

அந்நிலையில்தான் பம்பாயில் ஒரு கொட்டகையில் இயேசுநாதரின் வாழ்வைக் காட்டும் படத்தைக் கண்டார். திரையில் இயேசு நடமாட, பால்கேயின் மனக்கண்ணில் இராமனும் கண்ணனும் நடமாடினர். நம் நாட்டுக் கதைமாந்தரும் இத்திரையில் தோன்றும் நாள் வருமா என்னும் ஏக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. அடுத்த காட்சிக்கு மனைவியையும் அழைத்துச் சென்றார்.

அதன்பின் அவர் உறங்கிய நேரம் குறைவு. பழைய படச்சுருள்களையும் சிறு கருவியொன்றையும் வாங்கிவந்து இரவெல்லாம் ஆராய்ந்தார். இடைவிடாத உழைப்பால் அவருடைய பார்வை மங்கி, ஒரு கட்டத்தில் முற்றிலும் மறைந்தது. படம் எடுக்கத் துடிக்கும் ஒருவருக்கு இதனினும் கொடிய தண்டனை இல்லை. மருத்துவரின் முயற்சியால் பார்வை மீண்டது. மீண்ட கண்களுக்கு ஓய்வளிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆயுள் காப்பீட்டு ஆவணங்களை அடகு வைத்துப் பணம் திரட்டி, 1912 பிப்ரவரியில் இலண்டனுக்குக் கப்பலேறினார்.

இலண்டனில் அவருக்கு அறிமுகம் உள்ளவர் எவரும் இல்லை. பயாஸ்கோப் என்னும் திரைப்பட இதழின் அலுவலகத்தைத் தேடிச்சென்று, அதன் ஆசிரியர் கேபர்னைச் சந்தித்தார். அவர் முதலில் இத்தொழில் வேண்டாம் என்றே அறிவுறுத்தினார். பால்கேயின் உறுதியைக் கண்டபின், செசில் ஹெப்வொர்த் என்னும் புகழ்பெற்ற படத்தயாரிப்பாளரிடம் அறிமுகப்படுத்தினார். அங்கே தொழிலின் நுட்பங்களைக் கண்டறிந்த பால்கே, வில்லியம்சன் நிறுவனத்தின் படப்பிடிப்புக் கருவியை வாங்கிக்கொண்டு ஏப்ரலில் தாயகம் திரும்பினார்.

அக்காலப் படச்சுருள்கள் ஓரத்துளைகள் இன்றியே வந்தன. இருட்டறையில் அமர்ந்து, கையால் இயக்கும் கருவியைக்கொண்டு அத்துளைகளை இட்டவர் சரசுவதிபாய். துளைகளின் இடைவெளி பிசகினால் திரையில் படம் குதிக்கும். கண்ணுக்குத் தெரியாத இருளில் கைப்பழக்கத்தை மட்டுமே நம்பிச் செய்த வேலை அது.

தொட்டியில் ஒரு கதைத்தலைவன்

கருவி வந்துவிட்டது, கலையும் ஓரளவு கைவந்துவிட்டது. முழுநீளப் படம் எடுக்கப் பணம் இல்லை. பணமுடையவர்க்கோ இதுவரை எவரும் செய்யாத தொழிலில் நம்பிக்கை இல்லை. தம் திறமையைச் சொல்லால் விளக்குவதைவிடச் செயலால் காட்டுவதே வழி என்று பால்கே துணிந்தார்.

ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். அதன் எதிரே படப்பிடிப்புக் கருவியை அசையாதவாறு நிறுத்தினார். ஒரு மாதத்திற்கும் மேலாக, இடைவெளி விட்டுவிட்டு அச்செடியின் வளர்ச்சியைச் சட்டகம் சட்டகமாகப் பதிவுசெய்தார். திரையிட்டபோது, வாரக்கணக்கில் நிகழ்ந்த வளர்ச்சி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கண்முன் நிகழ்ந்தது. மண்ணைப் பிளந்து முளை எழுந்தது, இலை விரிந்தது, கொடி நீண்டது. 'அங்குராச்சி வாட்' என்னும் மராத்திப் பெயருக்கு முளையின் வளர்ச்சி என்பது பொருள்.

துல்லியமாகச் சொன்னால் இஃது அசைவூட்டப் படம் அன்று. இதில் பொருளை நகர்த்தியது கலைஞரின் கை இல்லை, இயற்கை. ஆனால், நேரத்தைத் துண்டுதுண்டாக வெட்டி, மீண்டும் கோத்து, அசையாததாகத் தோன்றும் ஒன்றை அசையச் செய்யும் முறை இரண்டிற்கும் பொதுவானது.

இனி, கதையை நோக்குவோம். பால்கே ஏன் ஒரு விதையைத் தேர்ந்தெடுத்தார்? சுவரில் நகரும் நிழலைப் படம்பிடித்திருக்கலாம். பூத்து உதிரும் மலரைப் படம்பிடித்திருக்கலாம். நிழல் நகர்கிறது, ஆனால் எதையும் நாடவில்லை. உதிரும் மலர் ஓர் இரக்கத்தைத் தருகிறது, ஆனால் முயலவில்லை. விதையோ ஒளியை நாடுகிறது. அதற்கு மண் தடையாக இருக்கிறது. தடையை வென்று வெளிவந்தபின்னும் நிற்கப் பிடிப்பு வேண்டும். பட்டாணியின் பற்றுக்கம்பி காற்றில் துழாவுகிறது. விருப்பம், தடை, முயற்சி, மாற்றம் என்னும் நான்கும் அதற்குள் அமைந்துள்ளன. முகமே இல்லாத ஒரு செடி, பார்ப்பவரின் பரிவைப் பெறும் பாத்திரமாகிவிடுகிறது. இன்று குறும்படத்திற்குக் கதை எழுதப் புகும் இளையோர் பலர், ஐந்து நிமிடத்திற்குள் ஐந்து பாத்திரங்களையும் மூன்று திருப்பங்களையும் திணிக்கின்றனர். பால்கேயின் படத்தில் பாத்திரம் ஒன்று. அதன் விருப்பமும் ஒன்று.

படத்தைக் கண்டவர்கள் வியந்தனர். கடன் தரத் தயங்கியவர்கள் முன்வந்தனர். இந்தியத் திரைப்படத் தொழிலுக்குக் கிடைத்த முதற்கடன்களுள் ஒன்றுக்குப் பிணையாக நின்றது ஒரு பட்டாணிக் கொடி என்று கூறினால் அது மிகையாகாது.

தெரிந்த கதையும் தெரியாத கதையும்

அடுத்து எடுத்த 'இராஜா அரிச்சந்திரா' பால்கேயின் பெயரை வரலாற்றில் நிறுத்தியது. பெண் வேடம் ஏற்க எப்பெண்ணும் முன்வரவில்லை. உணவகம் ஒன்றில் சமையல் பணியில் இருந்த சாளுங்கே என்னும் இளைஞரே சந்திரமதியாக நடித்தார். பால்கேயின் மகன் பாலச்சந்திரா அரிச்சந்திரனின் மைந்தனாக நடித்தார். படக்குழுவினர் அனைவர்க்கும் உணவு சமைத்தவர் சரசுவதிபாய். 1913ஆம் ஆண்டு மே 3 அன்று பம்பாயின் கோரனேஷன் அரங்கில் படம் பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். அரிச்சந்திரன் கதையை அறியாதவர் அந்நாளில் இந்தியாவில் இலர். தெருக்கூத்திலும் நாடகத்திலும் கதாகாலட்சேபத்திலும் அக்கதையைக் கேட்டு வளர்ந்தவர்களே அரங்கில் அமர்ந்திருந்தனர். மன்னன் சுடுகாட்டில் நிற்கும்போது, அவன் ஏன் அங்கு வந்தான் என்பதைப் படம் விளக்கத் தேவையில்லை. உரையாடல் இல்லாத ஊமைப்படத்தின் குறையைப் பார்வையாளரின் நினைவே நிரப்பியது. பட்டாணிக்கோ தீக்குச்சிக்கோ அத்தகைய புராணம் இல்லை. அதன் கதை முழுவதையும் திரையிலேயே, அசைவாலேயே சொல்லியாக வேண்டும். பெரிய படத்தில் பால்கே நம்மிடம் இருந்த கதையை நமக்குக் காட்டினார். சிறிய படத்தில், இல்லாத கதையை உண்டாக்கினார். கலைநோக்கில் இரண்டாவதே கடினமானது.

தீக்குச்சிகளின் விளையாட்டு

அடுத்தடுத்த படங்களின் வெற்றிக்குப்பின் 1914இல் பால்கே மீண்டும் இலண்டன் சென்று தம் படங்களைத் திரையிட்டார். அவ்வாண்டிலேயே முதல் உலகப்போர் மூண்டது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய படச்சுருள் அரிதாயிற்று, விலை ஏறியது, பணம் தந்தவர்கள் பின்வாங்கினர். பெரும்படம் எடுக்க இயலாத அக்காலத்தில் அவர் குறும்படங்களில் கருத்தைச் செலுத்தினார். 1915இல் வெளிவந்த 'ஆக்காட்யாஞ்சி மௌஜ்' அவற்றுள் ஒன்று. தீக்குச்சிகளின் களியாட்டம் என்பது அதன் பொருள். தீக்குச்சிகளைச் சிறிதுசிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு சட்டகமாக எடுக்கப்பட்ட அப்படம் இந்தியாவின் முதல் அசைவூட்டப் படங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

1906ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிளாக்டன், கரும்பலகையில் வரைந்த முகங்கள் அசையுமாறு ஒரு படம் எடுத்தார். 1908இல் பிரான்சு நாட்டின் எமில் கோல், கோட்டோவியங்களாலான படத்தையும் தீக்குச்சிகள் இயங்கும் படத்தையும் உருவாக்கினார். பால்கேயின் தீக்குச்சிப் படம் இவற்றுக்குச் சில ஆண்டுகளே பிந்தியது. வால்ட் டிஸ்னியின் மிக்கி மவுஸ் திரைக்கு வந்தது 1928இல்.

விதையைவிடத் தீக்குச்சி கடினமான பாத்திரம். விதை தானே வளர்கிறது; உருவம் மாறுகிறது. தீக்குச்சி வளர்வதில்லை. ஒரு பெட்டியில் உள்ள குச்சிகள் அனைத்தும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கண் இல்லை, கை இல்லை, தலை என்று சொல்ல ஒரு மருந்துமுனை மட்டும் உண்டு. இவற்றுள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டுவது எப்படி?

ஒரு கற்பனை செய்துபார்ப்போம். பத்துக் குச்சிகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்பது குச்சிகள் ஒரே நேரத்தில் வலப்பக்கம் திரும்புகின்றன. பத்தாவது குச்சி மூன்று சட்டகங்கள் கழித்துத் திரும்புகிறது. உடனே பார்ப்பவர் சிரிக்கிறார். அது சோம்பேறி என்று முடிவு செய்கிறார். மறுமுறையும் அது பிந்துகிறது. அதன்மேல் நமக்கு ஒரு பற்று உண்டாகிறது. மூன்றாம்முறை ஒன்பதும் திரும்பியபின், அது திரும்பாமலேயே நின்றுவிட்டால் அங்கே ஒரு கதை தொடங்கிவிடுகிறது. குச்சியில் எதையும் வரையவில்லை, எதையும் ஒட்டவில்லை. நேரத்தை மட்டுமே மாற்றினோம். பாத்திரத்தின் குணம் தோற்றத்தில் இல்லை, நடக்கும் முறையில் இருக்கிறது என்பதை அசைவூட்டக் கலையின் ஆசிரியர்கள் பின்னர் விரிவாகக் கற்பித்தனர். தீக்குச்சிகளைக் கையில் எடுக்கும் எவரும் முதல்நாளிலேயே அதனைக் கற்றாக வேண்டும், வேறு வழியில்லை.

மந்தாகினியின் முகம்

1917இல் வந்த 'இலங்கா தகனம்' பெரும்வெற்றி பெற்றது. அதில் இராமனாகவும் சீதையாகவும் சாளுங்கே ஒருவரே நடித்தார். சென்னையில் அப்படத்தின் வசூல் நாணயங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக் காவலுடன் கொண்டுசென்றனர் என்று சொல்வதுண்டு. பால்கேயின் படங்களைக் கண்டு ஊக்கம் பெற்ற வேலூர் நடராஜ முதலியார், சென்னையில் 'கீசகவதம்' எடுத்துத் தென்னிந்திய ஊமைப்படத்திற்கு வழிவகுத்தார்.

அதே காலத்தில் பால்கே, திரைப்படம் எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதை விளக்கும் குறும்படம் ஒன்றையும் எடுத்தார். தொழில்மறையைக் காக்கவேண்டிய மாயவித்தைக்காரர், அதனைப் பொதுமக்கள்முன் விரித்துவைத்த செயல் எண்ணத்தக்கது.

1919இல் வெளியான 'காளிய மர்த்தன'த்தில் கண்ணனாக நடித்தவர் பால்கேயின் சிறுமகள் மந்தாகினி. கதை தொடங்குமுன்னரே அச்சிறுமியின் முகத்தைத் திரை முழுவதும் காட்டுகிறார் பால்கே. மகிழ்ச்சி, சினம், வியப்பு என மெய்ப்பாடுகள் அம்முகத்தில் மாறிமாறித் தோன்றுகின்றன. பாத்திரத்தை முதலில் பழக்கப்படுத்தி, அதன்பின் கதைக்குள் செலுத்தும் முறை இது. இன்று அசைவூட்டக் கலைஞர்கள் கதை எழுதுமுன் தம் பாத்திரத்தின் பல்வேறு முகபாவங்களை ஒரே தாளில் வரைந்து வைத்துக்கொள்கின்றனர். மந்தாகினியின் அந்தத் தொடக்கக்காட்சி அத்தகைய தாளைப் போன்றே அமைந்துள்ளது. முகமில்லாத குச்சிகளோடு உழைத்த ஒருவருக்கு, ஒரு குழந்தையின் முகம் எவ்வளவு பெரிய செல்வமாகத் தோன்றியிருக்கும்!

பிற்காலம்

நாசிக்கில் 1918இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் திரைப்பட நிறுவனத்தில் பங்குதாரர்களோடு அவருக்கு இணக்கம் நீடிக்கவில்லை. மனம் கசந்து காசிக்குச் சென்று சிலகாலம் தங்கி நாடகம் எழுதினார், பின்னர்த் திரும்பிவந்தார். பேசும்படம் வந்தபின், அவருடைய ஊமைக்கலைக்கு மதிப்புக் குறைந்தது. 1937இல் வெளியான 'கங்காவதரணம்' அவர் இயக்கிய ஒரே பேசும்படம். அதுவே இறுதிப்படமும் ஆயிற்று. 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 16 அன்று நாசிக்கில் காலமானார். திரைத்துறை அவரை அந்நாளில் ஏறத்தாழ மறந்திருந்தது. இந்திய அரசு அவர் பெயரால் விருது நிறுவியது 1969இல்தான்.

அசைவூட்டக் கலைக்கு அரசின் ஆதரவு அதற்கு முன்னரே கிடைத்தது. 1956இல் பம்பாயில் இருந்த பிலிம்ஸ் டிவிஷன் அதற்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கியது. டிஸ்னியின் நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் அங்கு வந்து இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1957இல் அப்பிரிவு உருவாக்கிய 'பேனியன் டீர்' ஒரு சாதகக் கதை. மானைத் தலைவனாகக் கொண்ட அப்படத்திலும் இந்நாட்டவர் அறிந்த பழங்கதையே கையாளப்பட்டது.

பால்கே எடுத்தவை 90க்கும் மேற்பட்ட படங்கள் என்றும் 20க்கும் மேற்பட்ட குறும்படங்கள் என்றும் கணக்கிடுவர். அவற்றுள் எஞ்சியவை மிகச்சில. அரிச்சந்திரன் படத்தின் சில பகுதிகளும் காளிய மர்த்தனமும் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. மந்தாகினியின் முகத்தை நாம் இன்றும் காணலாம். தீக்குச்சிகளின் படச்சுருள் கிடைக்கவில்லை. அதன் பெயரும் ஆண்டும் மட்டுமே மிஞ்சியுள்ளன.